வெறும் பியானோ மட்டும் இருக்கிற ஆல்பத்தை முழுசா உக்காந்து கேக்க முடியுமா? போரடிக்காதா?

முடியும்ங்க. பாட்டு இல்ல, தாளம் இல்ல, பத்து நிமிஷத்துல மனசு வேற எங்கயோ போயிடுதுன்னு கேள்வியிலயே எழுதியிருக்கீங்க, அது நிறைய பேருக்கு நடக்குறதுதான். பொதுவா பேசாம ஒரே ஒரு ஆல்பத்தை வச்சு சொல்றேன், ஏன்னா கொஞ்ச நாளா என் ஹெட்போன்ல அதுதான் ஓடிட்டு இருக்கு. ஜப்பான்காரர் ரியூய்ச்சி சகமோட்டோவோட 'ஓபஸ்'. 2024 ஆகஸ்ட்ல வந்தது. மொத்தம் 20 பாட்டு (பாட்டுன்னு பழக்கத்துல சொல்றேன், பாடுறவங்க யாரும் கிடையாது), ஒரு ஆள், ஒரு பியானோ, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல.

ஆள் யாருன்னு கொஞ்சம் சொல்லிடறேன். 1952ல டோக்கியோவுல பிறந்தவர். எழுபதுகளோட கடைசியில 'யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா'ன்னு மூணு பேர் சேர்ந்து சிந்தசைசர் வச்சு ஒரு புது எலக்ட்ரானிக் இசையை கொண்டு வந்தாங்க இல்லையா, அதுல ஒருத்தர். அப்புறம் சினிமா. 'தி லாஸ்ட் எம்பரர்' படத்துக்கு இன்னும் ரெண்டு பேரோட சேர்ந்து ஆஸ்கர் வாங்குனார். 2014ல தொண்டையில கேன்சர், அதுல இருந்து மீண்டு வந்து வேலை செஞ்சார், மறுபடி குடல்ல கேன்சர். 2023 மார்ச் 28ல காலமாயிட்டார். இந்த ஆல்பத்துல இருக்கிற வாசிப்பு 2022 செப்டம்பர்ல டோக்கியோவுல என்எச்கே ரேடியோவோட 509 ஸ்டுடியோவுல பதிவானது. மேடையேறி ஒரு முழு கச்சேரி வாசிக்கிற தெம்பு அப்போ அவருக்கு இல்ல, அதனால ஆடியன்ஸ் யாரும் இல்லாம, ஒரு நாளைக்கு சில பாட்டுன்னு பிரிச்சு வாசிச்சார், அதை அவரோட மகன் நியோ சோரா கருப்பு வெள்ளையில படமா எடுத்தார். அந்தப் படத்தோட ஒலிதான் இந்த ஆல்பம்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். நம்ம காது குரலுக்கும் வயலினுக்கும் நாகஸ்வரத்துக்கும் பழகுன காது. அதுல ஒரு ஸ்வரத்தை பிடிச்சா பிடிச்சதுதான், அதை நீட்டலாம், அசைக்கலாம், பக்கத்து ஸ்வரத்துக்கு வழுக்கிட்டு போகலாம், சின்னதா ஆரம்பிச்சு பெருசாக்கலாம். பியானோவுல இது எதுவுமே முடியாது. கட்டையை அழுத்துனா உள்ள கம்பளி சுத்தின ஒரு சுத்தியல் போய் கம்பியை அடிச்சுட்டு உடனே விலகிடும், அவ்வளவுதான், அந்த நொடியில இருந்து அந்த சத்தம் தேய ஆரம்பிச்சிடும். வாசிக்கிறவர் கையில மிச்சம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான், அதை எப்போ நிறுத்துறதுங்கறது. கட்டையில இருந்து விரலை எடுத்தா டாம்பர் வந்து கம்பி மேல உக்காந்து சத்தத்தை அமுக்கிடும், வலது பெடலை மிதிச்சு வச்சிருந்தா எல்லா டாம்பரும் தூக்கியே நிக்கும், அப்போ அடிக்காத கம்பிகளும் கூட சேர்ந்து லேசா அதிரும். கீழ் ஸ்வரங்கள் ரொம்ப நேரம் நிக்கும், மேல போகப்போக சீக்கிரம் செத்துடும்.

சத்தம் இப்படி செத்துப்போறதுதான் சகமோட்டோவை கடைசி வருஷங்கள்ல பிடிச்சு ஆட்டிட்டு இருந்த விஷயம். 2017ல அவரைப் பத்தி வந்த ஆவணப்படத்துல, தேயாம நிக்கிற ஒரு சத்தம் மேல தனக்கு இருக்கிற ஏக்கத்தைப் பத்தியும் பியானோ அப்படி இல்லாததைப் பத்தியும் அவரே பேசுவார். பழைய பாட்டையெல்லாம் ஏன் இவ்வளவு மெதுவா வாசிக்கிறீங்கன்னு கேட்டப்பவும், ஸ்வரத்தை குறைச்சு இடைவெளியை கூட்டணும், அந்த ரீங்காரத்தை கேக்கணும்ங்கற மாதிரிதான் பதில் சொல்லியிருக்கார்.

அதனால நான் உங்களுக்கு சொல்றது என்னன்னா, மெலடியை துரத்தாதீங்க. ஒரு ஸ்வரம் விழுந்ததும் அடுத்தது எப்போ வரும்னு காத்திருக்காம, விழுந்தது எங்க போய் முடியுதுன்னு அது பின்னாடியே போங்க. இதை ஒரு தடவை செஞ்சு பாத்தீங்கன்னா ஆல்பம் வேற மாதிரி ஆயிடும். அடுத்த ஸ்வரத்தை அவர் சும்மா மெட்ரோனோம் (டிக் டிக்னு தாளம் காட்டுற கருவி) வச்சு எண்ணி வாசிக்கலைன்னு புரியும், முந்தினது எந்த அளவுக்கு தேஞ்சிருக்குன்னு கேட்டுட்டு அதுக்கு தகுந்த அழுத்தத்துலதான் அடுத்ததை வைக்கிறார். அவரும் கேக்குறார், நாமளும் கேக்குறோம், ரெண்டு பேரும் கேக்குறது ஒரே சத்தத்தை. எனக்கு போரடிக்காம இருக்கிறதுக்கு காரணம் இதுதான்.

இதை நல்லா உணரணும்னா 'டோங் பூ'வை எடுத்துக்கோங்க. 1978ல அந்த மூணு பேர் குழுவோட முதல் ஆல்பத்துல வந்த பாட்டு, சிந்தசைசரும் டிரம்ஸும் துள்ளிக்கிட்டு ஓடும், கேட்டா காலு தானா ஆடும். முதல்ல அந்த ஒரிஜினலை கேளுங்க. கேட்டுட்டு உடனே 'ஓபஸ்'ல இருக்கிறதை போடுங்க. அதே மெலடிதான், ஆனா இவ்வளவு மெதுவா இதை வாசிச்சது இதுதான் முதல் தடவைன்னு அவரே சொல்லியிருக்கார். வேகமா ஓடும்போது அந்த மெலடிக்கு அடியில இருந்த கார்டெல்லாம் (chord, ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள்) என்னன்னே கவனிச்சிருக்க மாட்டோம், இங்க ஒவ்வொரு கார்டும் தனியா நின்னு, உள்ள இருக்கிற ஒவ்வொரு ஸ்வரமும் வேற வேற வேகத்துல தேஞ்சு, கடைசியில நடுவுல ஒண்ணு மட்டும் மிச்சம் நிக்கிறது வரைக்கும் கேக்குது. இருபத்தஞ்சு வயசு கடந்ததும் எழுதுன ஒரு ஆட்டப் பாட்டுக்குள்ள இவ்வளவு சோகம் இருந்திருக்கா, இல்ல எழுபது வயசுல வாசிக்கிறதால வந்ததான்னு நான் ரொம்ப யோசிச்சேன். உள்ளேயே இருந்ததுன்னுதான் எனக்கு தோணுது, ஏன்னா ஸ்வரம் எதையும் அவர் பெருசா மாத்தலையே.

மத்ததுல, முதல் பாட்டு 'லாக் ஆஃப் லவ்' (Lack of Love) ஒரு வீடியோ கேமுக்காக எழுதுனது, 2000ல வந்த கேம். 'பிபி' இயக்குநர் பெர்னார்டோ பெர்டோலுச்சி நினைவா, 'ஃபார் யோஹான்' ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன் நினைவா, ரெண்டு பேருமே 2018ல போனவங்க. இந்த ரெண்டும் எனக்கு ரொம்ப நெருக்கம். இன்னொண்ணு பேரு வெறும் தேதி, 20180219, அதுல பியானோ கம்பிகளுக்கு நடுவுல பொருட்களை செருகி வச்சிட்டு வாசிப்பார், ஒரு கட்டையை அழுத்தினா கோயில் மணியை துணி சுத்தி அடிச்ச மாதிரி ஒரு சத்தம் வரும். மெதுவான வாசிப்புக்கு நடுவுல அது வந்ததும் காது திரும்ப முழிச்சுக்கும், அதை அந்த இடத்துல வச்சது ரொம்ப நல்ல முடிவு.

எல்லாருக்கும் தெரிஞ்சது 'மெர்ரி கிறிஸ்மஸ் மிஸ்டர் லாரன்ஸ்'தான், 1983 படம், அவரே நடிச்சும் இருப்பார். தயவுசெஞ்சு அதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. கடைசிக்கு முந்தினதா வச்சிருக்கார், அதுவரைக்கும் இருக்கிற பதினெட்டையும் கேட்டுட்டு அங்க போய் சேர்ந்தா அது கிடைக்கிற விதமே வேற. ஷஃபிளை ஆஃப் பண்ணிடுங்க.

கேக்குற முறை பத்தியும் சொல்லணும். போன் ஸ்பீக்கர்ல இது வேண்டாம், இடது கையோட கீழ் ஸ்வரங்கள் அதுல வராது, அது வரலைன்னா நான் மேல சொன்னது பாதி காணாம போயிடும். பஸ்லயும் வேண்டாம். சாதாரண வயர் ஹெட்போன் போதும், வீடு அடங்கினதுக்கப்புறம், வால்யூமை ரொம்ப ஏத்தாம. மைக்கை பக்கத்துல வச்சு பதிவு பண்ணதால பெடல் ஏறி இறங்குற சத்தம், அவர் மூச்சு விடுற சத்தம்லாம் கேக்கும், அதை குறைன்னு நினைச்சு எதையும் ஃபில்டர் பண்ணிடாதீங்க. ஒரே மூச்சுல இருபதும் முடியலைன்னா பத்து பத்தா பிரிச்சுக்கோங்க, அவரே ஒரே நாள்ல வாசிக்கலை.

சில பேர் இதை சாகப்போற மனுஷனோட கடைசி வாசிப்புன்னு மட்டும் கேட்டு அழறாங்க. அழுகை எனக்கும் வந்திருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். படத்தோட முடிவுல அவர் இல்லாம காலி ஸ்டூலுக்கு முன்னாடி கட்டைகள் தானா இறங்கி ஏறுறதை பாத்தா யாருக்கும் வரும். ஆனா இந்தப் பதிவைப் பத்தி அவர் சொன்னப்போ, இதுதான் கடைசி வாய்ப்புன்னு நினைச்சுக்கிட்டே புதுசா ஒரு இடத்துக்கு போக முடிஞ்சதுன்னும் சொன்னார். 'தி வுதரிங் ஹைட்ஸ்' மாதிரி அதுக்கு முன்னாடி தனி பியானோவுல வாசிக்காததை எல்லாம் இங்கதான் முதல் தடவை வாசிச்சார், வாசிச்சு முடிச்சு ஒரு மாசம் உடம்பு மோசமாச்சுன்னும் அவரே எழுதியிருக்கார். அவ்வளவு வலியிலயும் புதுசா தேடுன ஒருத்தரோட வேலையை இரக்கத்தோட மட்டும் கேக்குறது அவருக்கு செய்யுற நியாயம் இல்லைன்னு நான் நினைக்கிறேன். வாசிப்பை கேளுங்க, விரல் என்ன முடிவு எடுக்குதுன்னு கேளுங்க.

பிடிச்சிருந்தா அடுத்து அவரோட '12' போடுங்க. 2023 ஜனவரி 17, அவரோட 71வது பிறந்த நாள் அன்னைக்கு வெளியானது, நோயில இருக்கும்போது டைரி மாதிரி வாசிச்சு வச்ச பன்னெண்டு துண்டு, எல்லாத்துக்கும் பேரு தேதிதான். சிந்தசைசரும் இருக்கு, அதனால 'வெறும் பியானோ'ங்கற உங்க கேள்விக்குள்ள முழுசா வராது. ஆனா 2022 மார்ச் 2ன்னு தேதி போட்ட 'சாரபாண்ட்' ரெண்டு ஆல்பத்துலயும் இருக்கு, ரெண்டையும் அடுத்தடுத்து வச்சு கேட்டு எது பிடிச்சுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க, எனக்கு 'ஓபஸ்'ல இருக்கிறதுதான்.