1993-இல் வெளிவந்த டூம் கணினி விளையாட்டு இன்றும் ஏறத்தாழ எல்லாக் கருவிகளிலும் ஓடுவது எப்படி?

முதன்மைக் காரணம், ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரில் அதன் மூல நிரலை, அதாவது நிரலர்கள் எழுதிய அசல் வரிகளை, பொதுவில் வெளியிட்டதுதான். விற்பனை ஓய்ந்த விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

பெரும்பாலும் சி என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்ட அந்த நிரல், படங்களையும் ஒலிகளையும் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் 'வாட்' என்னும் தனிக் கோப்பிலிருந்து படித்துக்கொள்வதால், அதைப் புதிய கருவிக்குக் கொண்டுசெல்பவர் திரையில் படம் காட்டுவது, விசை அழுத்தத்தைப் பெறுவது, நேரத்தை அளப்பது போன்ற சில பகுதிகளை மட்டும் எழுதினால் பெரும்பாலும் போதும். 4 எம்பி நினைவகமுள்ள கணினிகளுக்காக, 320-க்கு 200 புள்ளிகளில், 256 வண்ணங்களில் வரையும்படி அமைந்தது என்பதால் இன்றைய எளிய சில்லுகளுக்கும் அது பாரமில்லை. டாஸ் என்னும் பழைய இயங்குதளத்துக்கான பதிப்பின் ஒலி நூலகம் (ஒலியை இயக்கும் நிரல் தொகுப்பு) பிறருக்கு உரியது என்பதால் வெளியீட்டில் அது இடம்பெறவில்லை. அந்தக் குறையை ஆர்வலர்களே எழுதி நிரப்பினார்கள்.