அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் ஹாக்கியில் வட கரோலினா அணி இவ்வளவு ஆதிக்கம் செலுத்துவது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் சொல்லும் பதில் எரின் மேட்சன் என்ற ஒரே பெயரில் முடிந்துவிடுகிறது. அந்த ஆட்டக்காரரின் திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும், சேப்பல் ஹில்லில் உள்ள இந்தப் பல்கலைக்கழகம் 2023 வரை வென்ற 11 தேசியப் பட்டங்களில் முதல் 6 பட்டங்கள், அவர் அங்கே காலடி வைப்பதற்கு முன்பே வந்துவிட்டன. எனவே விடையைச் சற்றுப் பின்னால் போய்த்தான் தேட வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஆட்டம் பெண்களின் கைவழியாகவே வேரூன்றியது. 1901இல் இங்கிலாந்திலிருந்து வந்த கான்ஸ்டன்ஸ் ஆப்பிள்பி, வாசர், ஸ்மித், வெல்லஸ்லி போன்ற கிழக்குப் பகுதி மகளிர் கல்லூரிகளில் இதைக் கற்றுக்கொடுத்தார். 1972இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்து பெண்கள் விளையாட்டுக்கும் நிதிக்கும் வழி திறந்தது. 1981இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்கள் ஹாக்கிக்கு முதன்முறையாகத் தேசியப் போட்டியை நடத்தியது. முதல் பட்டம் கனெக்டிகட் அணிக்குப் போனது. வட கரோலினா தன் புதிய பயிற்சியாளராகக் கேரன் ஷெல்டனைத் தேர்ந்தெடுத்ததும் அதே ஆண்டில்தான். அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்ததோடு, அமெரிக்கத் தேசிய அணிக்காக ஆடிக்கொண்டும் இருந்தார்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அந்தத் தேசிய அணி வெண்கலம் வென்ற விதம் விநோதமானது. பெண்கள் பிரிவில் இறுதிப்போட்டி என்று ஒன்று இல்லை; 6 அணிகளும் ஒன்றையொன்று சந்தித்து, புள்ளிகளின் அடிப்படையில் பதக்கங்கள் முடிவாயின. தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்ட அமெரிக்கப் பெண்கள் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்திருக்க, கடைசி ஆட்டத்தில் நெதர்லாந்து ஆஸ்திரேலியாவை 2-0 என்று வென்றது. அதனால் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எல்லா வகையிலும் சமநிலைக்கு வந்துவிட, அமெரிக்கர்கள் அங்கிருந்து எழுந்து களத்துக்கு வந்து பெனால்டி ஸ்ட்ரோக்குகளை அடித்து 10-5 என்று வென்றார்கள். அமெரிக்கப் பெண்கள் ஹாக்கியில் பெற்றிருக்கும் ஒரே ஒலிம்பிக் பதக்கம் இன்றுவரை அதுதான்.

ஷெல்டனின் முதல் தேசியப் பட்டம் உடனே வந்துவிடவில்லை. 1980களில் ஓல்ட் டொமினியன் அணிதான் கொடிகட்டிப் பறந்தது. வட கரோலினா 1989 வரை காத்திருந்தது. பிறகு 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றது. அதன் பின் பத்து ஆண்டுகளுக்குப் பட்டமே இல்லை. வெற்றிக்குப் பழகிப்போன ஒரு நிறுவனம் இத்தகைய இடைவெளியில் பயிற்சியாளரை மாற்றிவிடுவது வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. 2007இலும் 2009இலும் கிடைத்த பட்டங்களை அந்தப் பொறுமையின் பலனாகவே நான் பார்க்கிறேன்.

இந்த அணியின் குணத்தை அறிய வெற்றிகளைவிட அதன் தோல்விகளே எனக்கு அதிகம் உதவின. 2010, 2011, 2012 ஆகிய மூன்று இறுதிப்போட்டிகளிலும் வட கரோலினா 3-2 என்ற ஒரே கணக்கில் தோற்றது. முதல் இரண்டும் மேரிலாண்டிடம், அவையும் கூடுதல் நேரத்தில், மூன்றாவது பிரின்ஸ்டனிடம். 2015இல் சிரக்யூஸும் 2016இல் டெலவேரும் மீண்டும் இறுதியில் தட்டிப் பறித்தன. ஏழு ஆண்டுகளில் ஐந்து முறை கடைசிப் படியில் சறுக்கிய அணி, மறுபடி மறுபடி அதே படி வரை ஏறி வந்ததைத்தான் ஆதிக்கத்தின் சரியான அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

2018இலும் 2019இலும் ஒரு தோல்விகூட இல்லாத பருவங்களோடு பட்டங்கள் வந்தன. பெருந்தொற்றால் 2021 மே மாதத்துக்குத் தள்ளிப்போன 2020 பட்டமும், 2022 பட்டமும் அந்த வரிசையில் சேர்ந்தன. இந்த நான்கிலும் ஆடியவர்தான் மேட்சன். நார்த்வெஸ்டர்னுக்கு எதிரான 2022 இறுதியில், முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நிலையில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே. 42 பருவங்களுக்குப் பிறகு ஷெல்டன் ஓய்வுபெற்றபோது, பல்கலைக்கழகம் அந்தப் பொறுப்பை 22 வயது மேட்சனிடம் ஒப்படைத்தது. முந்தைய பருவம்வரை தோளோடு தோள் நின்று ஆடிய தோழிகளுக்கே அவர் பயிற்சியாளரானார்.

பலரும் இதை விபரீத முடிவு என்றார்கள். 1981இல் ஷெல்டனைத் தேர்ந்தெடுத்தபோது செய்த அதே காரியத்தைத்தான் பல்கலைக்கழகம் மறுபடி செய்தது என்பது என் கருத்து. இளமையான, களத்தில் ஆடிப் பழகிய ஒருவரை நம்பி நியமிப்பது அங்கே புதிதல்ல. 2023 நவம்பரில், ஷெல்டனின் பெயர் தாங்கிய சொந்த மைதானத்திலேயே, நார்த்வெஸ்டர்னை ஷூட்-அவுட்டில் வென்று மேட்சனின் அணி 11ஆம் பட்டத்தைப் பெற்றது. அடுத்த ஆண்டே பட்டம் நார்த்வெஸ்டர்ன் வசம் போய்விட்டது. ஷெல்டனுக்குக் கிடைத்த அதே பத்தாண்டுப் பொறுமை மேட்சனுக்கும் கிடைக்குமா என்பதே இனி கவனிக்க வேண்டியது.