முதல் நிதி திரட்டு ஓட்டம்

கேள்வி: செப்டம்பரில் டொரன்டோவில் நடக்கும் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் முதன்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறேன். இரண்டு நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்குகிறது. எல்லோரும் என்னை முந்திவிட்டால் என்ன செய்வது?
– வாசகி, ஸ்கார்பரோ

பதில்: அந்தக் கவலையே உங்களுக்கு வேண்டாம். எலும்புப் புற்றுநோயால் 1977இல் வலது காலை இழந்த கனடிய இளைஞர் டெரி ஃபாக்ஸ், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலுடன் 1980 ஏப்ரலில் கனடாவின் கிழக்குக் கோடியிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து புறப்பட்டு, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஒன்டாரியோவின் தண்டர் பே நகர் அருகே ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. அவர் ஓடிய காட்சிகளைப் பாருங்கள்: செயற்கைக் கால் ஒருமுறை ஊன்ற, இடக்கால் இருமுறை தத்தும். மறு ஆண்டு தமது 22ஆம் வயதில் அவர் காலமானார். 1981 முதல் அவர் பெயரால் நடக்கும் இந்த ஓட்டம் போட்டியே அன்று, நடந்தும் வரலாம்.

மூச்சு வாங்குவதற்குப் பெரும்பாலும் வேகமே காரணம். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, வாரம் மூன்று நாள் பழகுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஓட்ட நாளன்று கூட்டத்தின் உற்சாகத்தில் தொடக்கத்திலேயே விரைந்துவிடாமல் இருக்கப் பின்வரிசையில் நில்லுங்கள். பழகிய காலணியையே அணியுங்கள்.