இலையுதிர் கால முடிவில் கோல்ஃப் மைதானம்: கேள்வி-பதில்

கேள்வி: காலையில் கிரீன் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டிய புல்தரை) முழுக்க உறைபனி. ஆட வந்தவர்கள் நச்சரிக்கிறார்கள். எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது?

பதில்: பனி தானாக உருகும் வரை. இலையில் உள்ள நீர் உறைந்து விறைத்திருக்கும்போது மிதித்தால் செல்கள் உடைந்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பிறகுதான் ஒவ்வொரு காலடித் தடமும் கருத்துத் தெரியும். புல் வளராத பருவம் என்பதால் அந்தத் தழும்பு வாரக்கணக்கில் ஆறாது.

இதைவிட ஆபத்தான வேளை, பல நாள் உறைந்து கிடந்த மண் இளகத் தொடங்கும்போது வருகிறது. மேலே சிறிது நெகிழ்ந்திருக்கும், அடியில் கல்லாக இருக்கும். அப்போது நடந்தால் மேல்மண் நழுவி வேர்கள் அறுந்துபோகும். பார்க்கப் பச்சையாக இருப்பதால் திறந்துவிடத் தோன்றும். ஒரு கத்தியைச் செருகிப் பாருங்கள். பாதியில் தடுத்தால் திறக்க வேண்டாம். ஃபேர்வேயில் (கிரீன் வரை நீளும் புல்வெளிப் பாதை) ஒரு தற்காலிக கிரீனை இப்போதே தயார் செய்து வைத்தால் இந்த வாக்குவாதமே எழாது.

கேள்வி: புல் வெளிறிவிட்டது. கொஞ்சம் யூரியா தூவலாமா?

பதில்: கூடாது. இந்தப் பருவத்தில் நைட்ரஜனைத் தாராளமாகக் கொடுத்தால் புல் கொழுகொழுவென்று வளரும். மைக்ரோடோகியம் என்ற பூஞ்சைக்கு அதுதான் விருந்து. குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களில் ஆரஞ்சு கலந்த பழுப்பு வட்டங்களாகத் தோன்றிப் பரவும். நிறம்தான் வேண்டுமென்றால் இரும்பு சல்பேட்டை நீரில் கரைத்துக் குறைந்த அளவில் தெளியுங்கள். வளர்ச்சியைத் தூண்டாமல் பசுமை தரும், பாசியையும் அடக்கும். நடைபாதையில் பட்டால் துருக்கறை போகாது, கவனம்.

மருந்தைவிட முக்கியம் இலையை உலர வைப்பது. தினமும் காலையில் நீண்ட கம்பாலோ, இருபுறம் பிடித்து இழுக்கும் கயிற்றாலோ கிரீனில் உள்ள பனித்துளியைத் தட்டிவிடுங்கள். எந்த கிரீனில் ஆண்டுதோறும் நோய் வருகிறதோ, அதன் கிழக்கே உள்ள மரங்களைப் பாருங்கள். சூரியன் தாழ்வாக வரும் இந்த வாரங்களில்தான் நிழல் எங்கே விழுகிறது என்பது சரியாகத் தெரியும். குறித்து வைத்துக்கொண்டு, புல் உறங்கும் மாதங்களில் கிளைகளைக் கழியுங்கள். பூஞ்சைக்கொல்லிக்குச் செலவழிக்கத் தயங்காத நிர்வாகங்கள் ஒரு மரத்தை வெட்ட மட்டும் ஏன் இப்படித் தயங்குகின்றனவோ!

கேள்வி: வெட்டும் உயரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: ஆம், படிப்படியாக. கோடையில் 3 மில்லிமீட்டரில் வெட்டிய பென்ட் புல் கிரீனை 4 முதல் 5 மில்லிமீட்டருக்கு உயர்த்துங்கள். இலைப்பரப்பு கூடினால் மங்கிய வெயிலிலும் புல் உணவு தயாரிக்கும். பந்து மெதுவாக ஓடுகிறது என்ற புகார் வரத்தான் செய்யும்.

கேள்வி: உதிர்ந்த இலைகளை அள்ள ஆளில்லை.

பதில்: ஃபேர்வேயில் அள்ளவே வேண்டாம். காய்ந்திருக்கும்போது இயந்திரத்தால் பொடியாக்கி அங்கேயே விடுங்கள். கிரீனிலும் பங்கர் என்ற மணல்குழியிலும் மட்டும் தினமும் ஊதித் தள்ளுங்கள்.

கேள்வி: தெளிப்பான் குழாய்களில் உள்ள நீரை வெளியேற்றியே ஆக வேண்டுமா?

பதில்: உறைபனி மண்ணுக்குள் இறங்கும் இடமென்றால் கட்டாயம். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். குழாயும் வால்வும் அதைத் தாங்காது. கம்ப்ரசரில் அழுத்தம் குறைவாகவும் காற்றின் அளவு அதிகமாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பகுதியாகத் திறந்து, இடையிடையே நிறுத்தி ஊதுங்கள். நீர் தீர்ந்த பிறகும் ஊதிக்கொண்டிருந்தால் தெளிப்பானின் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் சூடேறிப் பழுதாகும். ஊதும்போது தெளிப்பான் மீது யாரும் குனிந்து நிற்கக் கூடாது.

கேள்வி: மண்புழு எச்சம் குவிகிறது. உருளை ஓட்டலாமா?

பதில்: ஈரத்தில் ஓட்டினால் எச்சம் புல்லின் மேல் அப்பிக்கொள்ளும். உலர்ந்ததும் துடைப்பத்தால் கலைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பெர்முடா புல் பழுப்பாகிவிட்டது. செத்துவிட்டதா?

பதில்: மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது உறங்கிவிடும். ஒரு பிடி பெயர்த்துப் பாருங்கள். மண்ணுக்குள் ஓடும் தண்டு வெளுப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு நிறம் பிடிக்கவில்லையென்றால் புல்லுக்கென்றே விற்கும் பச்சைச் சாயத்தைத் தெளிக்கலாம். மழையில்லாத, புல் உலர்ந்த நாளாகப் பார்த்துத் தெளியுங்கள்.