விபத்துக் காய விவரங்களைப் பதிந்து வைப்பதால் உயிர்களைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். எதைப் பதிகிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர். 108-இலிருந்து ஆளை இறக்கியதும், எவ்வளவு அவசரம் என்று பார்த்து, சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரிப்போம். அப்புறம் பதிவேடு. நாடி, ரத்த அழுத்தம், சுயநினைவு எல்லாம் எழுதிவிடுவோம். கூட்டம் நெரியும் இரவுகளில் 'அடிபட்ட நேரம்' என்ற கட்டம் மட்டும் காலியாகப் போய்விடும். முன்பெல்லாம் நானும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

பாக்தாத் போர் மருத்துவமனையில் 2006-இல் எடுத்த கணக்கைப் படித்த பிறகுதான் உறைத்தது. ரத்தம் கொட்டும் கை கால்களில் டூர்னிக்கே எனும் ரத்தத்தை நிறுத்தும் பட்டையைப் போட்டு இறுக்கினால் உறுப்பே போய்விடும் என்று மருத்துவர்கள் வெகுகாலம் தயங்கினார்கள். அங்கே 232 பேருக்குப் போட்டதைப் பதிந்ததோடு, எந்த நிலையில் போட்டார்கள் என்பதையும் குறித்திருந்தார்கள். ரத்த இழப்பால் உடல் தளர்ந்து போகும் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன் போட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு போட்டவர்களில் 10 சதவீதம்தான். டூர்னிக்கே போட்டதால் யாருக்கும் கையோ காலோ போகவில்லை. எந்த நிலையில் போட்டார்கள் என்ற அந்த ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்குமா?

இதைவிட என்னை உலுக்கியது இறந்தவர்களின் கணக்கு. 2001 முதல் 2011 வரை போர்க்களக் காயத்தால் இறந்த 4,596 அமெரிக்கப் படையினரின் பிரேதப் பரிசோதனை விவரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். சுமார் 87 சதவீதம் பேர் அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு வந்து சேருமுன்பே இறந்திருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது. அந்த நாலில் ஒருவரிலும் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தப்போக்கால் போனவர்கள், பெரும்பாலும் கட்டுப் போட்டு அழுத்த முடியாத மார்பு, வயிற்றுக் காயங்களால். உயிரோடு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

எங்கள் பிரிவில் வழியிலேயே இறந்தவர் நேராகப் பிணவறைக்குப் போவார், அறிக்கை காவல் நிலையத்துக்குப் போகும். அதைச் சிகிச்சைப் பதிவேட்டோடு சேர்த்து வைத்து யாரும் பார்த்து நான் கண்டதில்லை. நம் சாலைகளில் எத்தனை பேர் ரத்தம் போயே செத்தார்கள் என்பது அந்த இரண்டு காகிதங்களையும் ஒன்றாக வைத்தால்தான் தெரியும். அது நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கையில் இருப்பது அந்தக் காலிக் கட்டம். ஸ்ட்ரெச்சரைத் திருப்பும் முன் 108 ஊழியரிடம், "அண்ணே, எத்தனை மணிக்குப் போன் வந்துச்சு?" என்று கேட்டுவிடுவேன். கூட வந்தவர்களுக்கு நேரம் நினைவில்லை என்றால், முதல் அழைப்பு எப்போது என்று செல்போனில் பார்க்கச் சொல்வேன்.