கதவுக்குப் பின்னால் யார்?

கேள்வி: காதலியைச் சுட்டுக் கொன்ற தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸின் வழக்கில் ஒரே செயலை முதலில் ‘கல்பபிள் ஹோமிசைட்’ என்றார்கள், பிறகு கொலை என்றார்கள். சென்னையில் இருக்கும் என் சித்தி, “இரண்டும் ஒன்றுதான், தண்டனைதான் வேறு” என்கிறார். உண்மையா? எங்கள் வீட்டில் திருடன் புகுந்த பிறகு என் கணவர் உரிமம் பெற்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருக்கிறார், அதனால்தான் கேட்கிறேன்.
– வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் சித்தி குழம்பியதற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. இந்தியச் சட்டத்தில் அதே ஆங்கிலப் பெயருடைய குற்றத்துக்கு, மரணம் நேரும் என்ற நோக்கமோ அறிவோ இருந்திருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அப்பெயர் கவனக்குறைவால் உயிர் போக்கியதை மட்டுமே குறிக்கும்; கொல்லும் எண்ணம் இருந்தால் அது கொலை. ஆகவே இங்கே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, சுட்டவரின் மனத்தில் அந்த நொடியில் என்ன இருந்தது என்பதுதான்.

2013 பிப்ரவரி 14 அதிகாலையில், பிரிட்டோரியாவிலுள்ள தம் வீட்டில், பூட்டியிருந்த கழிப்பறைக் கதவின் வழியாகப் பிஸ்டோரியஸ் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். திருடன் புகுந்துவிட்டான் என்று அஞ்சியதாக அவர் சொன்னார். அந்தக் கதவையே நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திச் சாட்சியம் கேட்டார்கள். நம் நாட்டில் ஜூரி முறை 1969-இலேயே ஒழிந்துவிட்டதால், நீதிபதி தோகோசிலே மசிபா தமக்கு உதவும் இரண்டு மதிப்பீட்டாளர்களுடன் அமர்ந்து விசாரித்து, 2014 செப்டம்பரில், உள்ளே ரீவா இருக்கிறார் என்பதைப் பிஸ்டோரியஸ் எண்ணியிருக்கவில்லை எனக் கூறி, கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்றே முடிவு செய்தார்.

இங்கேதான் தவறு நேர்ந்தது என்று நான் கருதுகிறேன். புளூம்ஃபொன்டெயினிலுள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2015 டிசம்பரில் அதையே சொன்னது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, உள்ளே ரீவா இருப்பது தெரியுமா என்பதன்று. யாரோ ஒரு மனிதர் இருக்கிறார், சுட்டால் சாகலாம் என்று தெரிந்தே சுட்டாரா என்பதுதான். கூட்டத்தில் குண்டு வைப்பவனுக்குச் சாகப்போகிறவர்களின் பெயர் தெரியாது. அதனால் அவனுக்குக் கொல்லும் எண்ணம் இல்லையென்று ஆகிவிடாது என்று நீதிபதி எரிக் லீச் விளக்கினார். மரணம் நேரலாம் என்பதை முன்கூட்டியே உணர்ந்தும், நேர்ந்தால் நேரட்டும் என்று துணியும் இந்த மனநிலைக்கு நம் சட்டத்தில் ‘டோலஸ் எவென்ச்சுவாலிஸ்’ என்று பெயர். ஒதுங்க இடமில்லாத சிற்றறைக்குள் நான்கு தோட்டாக்களைச் செலுத்தியவர் அதை உணரவில்லை என்று யார் நம்புவார்?

தண்டனையிலும் அது எதிரொலித்தது: முதலில் ஐந்தாண்டு, கொலை என்றான பின் 2016-இல் ஆறாண்டு, அரசுத் தரப்பு மறுபடியும் மேல்முறையீடு செய்ய, 2017 நவம்பரில் 13 ஆண்டு 5 மாதம். இத்தகைய கொலைக்குச் சட்டம் விதித்துள்ள குறைந்தபட்சத் தண்டனை 15 ஆண்டு; அவர் ஏற்கெனவே அனுபவித்திருந்த காலத்தைக் கழித்தே 13 ஆண்டு 5 மாதம் என்றானது. 2024 ஜனவரியில் அவர் பரோலில் வெளிவந்தார்.

இனி உங்கள் வீட்டு விஷயம். தாக்குதல் தொடங்கியிருந்தாலோ, தொடங்கப்போகும் தருணத்தில் இருந்தாலோ, தடுக்க வேறு வழியில்லை என்றால்தான் தற்காப்பு என்பது செல்லும். மூடிய கதவுக்கு அப்பால் கேட்கும் சத்தம் மட்டும் தாக்குதல் ஆகாது. பிஸ்டோரியஸ் எச்சரிக்கைக்காகக்கூட ஒரு முறை சுடவில்லை என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் குறிப்பிட்டுச் சொன்னது. உங்கள் கணவர் துப்பாக்கியை எடுப்பதற்கு முன் உங்களையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொருவரின் குரலையும் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு உள்ளே இருப்பவர் காதில் விழும்படி உரக்கக் குரல் கொடுக்கட்டும். கதவு மூடியிருக்கும்வரை, அனைவரையும் ஓர் அறையில் சேர்த்துக்கொண்டு போலீசுக்குத் தொலைபேசி செய்யட்டும்.