அமெரிக்காவின் தலைநகர் ஏன் நியூயார்க்கிலோ பிலடெல்பியாவிலோ இல்லை?

ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று முதல் அதிபராகப் பதவியேற்றது நியூயார்க்கில்தான். அப்படியிருக்கத் தலைநகர் ஏன் போட்டோமாக் ஆற்றங்கரைக்கு, இன்றைய வாஷிங்டன் நகருக்குப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதன் வேர் 1783-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் மாதம், சம்பள பாக்கி கேட்டுக் கிளர்ந்தெழுந்த படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் (அந்நாட்டு நாடாளுமன்றம்) கூடியிருந்த கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டபோது, பென்சில்வேனிய மாநில ஆட்சியாளர்கள் தங்கள் காவற்படையை அனுப்ப முன்வராததால், உறுப்பினர்கள் நியூஜெர்சி மாநிலத்தின் பிரின்ஸ்டனுக்கு வெளியேற நேர்ந்தது. எந்த மாநிலத்தின் தயவிலும் நடுவண் அரசு இருக்கலாகாது என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்று, 10 மைல் நீளமும் 10 மைல் அகலமும் மிகாத தனி மாவட்டத்துக்கு அரசியலமைப்பிலேயே வழி செய்யப்பட்டது.

அது எங்கே அமைவது என்பதைத் தீர்மானித்தது, என் பார்வையில், அப்பட்டமான பேரம். போர்க்காலத்தில் மாநிலங்கள் பட்ட கடனை நடுவண் அரசே ஏற்க வேண்டும் என்றார் நிதிச் செயலர் ஹாமில்டன். வர்ஜீனியா போன்ற தென்மாநிலங்கள் எதிர்த்தன. வர்ஜீனியத் தலைவர்களான ஜெஃபர்சன், மாடிசன் இருவருடனும் 1790-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் கடன் திட்டம் நிறைவேறியது, தலைநகர் தெற்கே நகர்ந்தது. புது நகரம் எழும்வரை பத்து ஆண்டுகள் பிலடெல்பியா தற்காலிகத் தலைநகராக இருந்தது. 1800 நவம்பரில் இரண்டாம் அதிபர் ஜான் ஆடம்ஸ் புது நகரின் அதிபர் மாளிகையில் குடியேறினார். நகருக்குப் பெயர் தந்தவரோ 1799 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

எனக்கு வருத்தம் தருவது ஒன்று உண்டு: மாநிலமாக இல்லாத காரணத்தால், அந்நகர மக்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1961-இல் வந்த 23-ஆம் திருத்தத்தின் வழியாகத்தான் பெற்றார்கள், காங்கிரசில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் அவர்களுக்கு இன்றும் இல்லை.